விதைக்குத் தோஷமில்லை

என்னால் சும்மா இருக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கூட இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு தொந்தரவு என்று எனக்கே தெரியும். அடுப்பில் பால் வைத்தால் பொங்குவதற்குள் நாலு தடவை எட்டிப் பார்ப்பேன். டாக்டருக்காகக் காத்திருக்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அதிலுள்ள பிழைகளை வரவேற்பு மேசைப் பெண்ணிடம் போய்ச் சொல்வேன். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் கோப்பு பார்த்தவனுக்கு இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி கேட்பாள். அப்படிப்பட்ட நான் வெங்காயத்தை விதை போட்டு வளர்க்கப் புறப்பட்டேன். நாற்று தேற ஒன்றரை மாதம், அதற்கு மேல் காய் பிடிக்க இரண்டரை மாதம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

காரணம் அம்மா. அவள் என்னிடம் கேட்ட ஒன்றை நான் கொடுக்கவில்லை.

கரமனையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வெங்காயம் வந்ததே கிடையாது. தெருவில் மற்ற வீடுகளில் எப்போதோ வந்துவிட்டது. எதிர்வீட்டில் முட்டைகூட வருகிறது என்று அம்மா சந்தேகப்பட்டாள். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா இருந்தவரை கிடையாது. என் மனைவி திருநெல்வேலிக்காரி, வெங்காய சாம்பார் சாப்பிட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே விஷயத்தைப் புரிந்துகொண்டு விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் வெளியே போனால் ஹோட்டலில் மசாலா தோசை சாப்பிடுவோம். அம்மாவுக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். இருபத்து நாலு வருஷம் இந்த ஏற்பாடு சண்டையில்லாமல் ஓடியது.

போன வருஷம் பங்குனியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எண்பத்தோரு வயது, நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர். அவருடைய மகள் தினமும் மத்தியானம் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். ஒரு நாள் அவள் கேரியரைத் திறந்ததும் அறை முழுக்க வறுத்த தேங்காய் மணம், அதோடு புளியும் சின்ன வெங்காயமும். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள்.

"அது என்னதாக்கும்?" என்று கேட்டாள்.

"உள்ளித்தீயலாணு அம்மே. கொறச்சு தரட்டே?" என்றாள் அந்தப் பெண் மலையாளத்தில். வறுத்தரைத்த வெங்காயக் குழம்பு, கொஞ்சம் தரட்டுமா என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு அதுலேர்ந்து கொறச்சு தரச் சொல்லேன்டா" என்றாள். மூன்று நாளாக ஆகாரம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவள்.

நான் அந்தப் பெண்ணிடம், "வேண்டா, அம்ம உள்ளி கூட்டில்லா" என்றேன். அம்மா வெங்காயம் சேர்க்க மாட்டாள் என்று, அம்மாவுக்காக நான் சொன்னேன். பிறகு அம்மாவிடம் குனிந்து, "அது வெங்காயம்மா" என்றேன், குழந்தையைக் கையும் களவுமாகப் பிடித்தவன் குரலில். அம்மா, "ஓ, வெங்காயமா, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு நாள் இருந்தாள்.

வெங்காயம் என்று தெரியாமல் கேட்டாள், மருந்து மயக்கம், வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றிய நியமத்தை ஒரு ஸ்பூனில் உடைக்க நான் யார், என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளித்தீயல் என்று அந்தப் பெண் சொன்னது என் காதில் விழுந்த மாதிரிதான் அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு உள்ளி என்றால் என்னவென்று தெரியாதா? உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. அன்னியர் முன்னால் என் அம்மா கையேந்துகிறாளே என்ற வெட்கம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்த இரண்டாம் மாதம் எனக்கு ஓய்வு வந்தது. ஆபீஸில் ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். மறுநாள் காலையிலிருந்து போக இடமில்லை. அம்மாவுக்குக் கர்மம் செய்தவன் என்பதால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, மலைக்கோயில் கிடையாது, கல்யாண வீடு கிடையாது, வெளியே சாப்பிடுவதும் வெங்காயம் பூண்டும் அறவே கிடையாது. மாதாமாதம் திதியன்று மாசிகம். மனைவி கணக்கு டீச்சர், எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் தெருமுனை வரை நடந்து ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். திரும்பியதும் மறுபடி போகலாமா என்று தோன்றும். ஆறு அப்படியேதான் இருக்கும். புத்தக அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், வேறு மாதிரி அடுக்கினேன். மனைவி மாலையில் வந்து ஒரு புத்தகத்தைத் தேடிக் கிடைக்காமல், "ஏன்னா, நீங்க ஏதாவது ஒரு வேலைக்குப் போங்கோளேன்" என்றாள்.

இந்த அலைச்சலில் அந்தத் தீயல் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். இறந்தவளுக்கு எப்படிக் கொடுப்பது? வருஷம் முடிகிற ஆப்திகத்தன்று எதையாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கடையில் வாங்கிய வெங்காயத்தை வைத்து அல்ல. என் கையால் வளர்த்தது. நாலு மாதம் காத்திருந்தால் என் குற்றம் கொஞ்சம் கழியும் என்று ஒரு கணக்கு. இப்போது எழுதும்போது அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது.

சாலைக் கடைத்தெருவில் விதைக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரே, கொச்சுள்ளியை அப்படியே நட்டா மதியே. விதை போட்டா நாலு மாசம் எடுக்கும், கேட்டேளா? நம்ம ஊர்ல யாரும் விதை போட மாட்டா" என்றார். அவர் சொன்னது சரிதான். சின்ன வெங்காயத்தைப் பிரித்து மண்ணில் ஊன்றினால் சீக்கிரம் காரியம் முடிந்துவிடும். ஆனால் அதற்கு வெங்காயத்தை வாசற்படி தாண்டி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். துக்க வருஷத்தில், அம்மா வீட்டுக்குள். விதை என்றால்? விதை வெங்காயம் இல்லையே. கடையில் நின்றபடியே எங்கள் வீட்டுக் காரியங்களை நடத்தி வைக்கும் வாத்தியாருக்குப் போன் போட்டேன்.

"ஓய், விதைக்குத் தோஷமில்லே" என்றார் புரோகிதர். "நாக்குலே படப்படாது, அவ்வளவுதான். அது கிடக்கட்டும், உமக்கு என்னத்துக்கு இப்போ உள்ளி க்ருஷி?"

பொழுதுபோக்கு என்றேன். "பொழுது போகலேன்னா ஆயிரத்தெட்டு காயத்ரி பண்ணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

விதை கருப்பாக, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, முனை முனையாக இருந்தது. ஐப்பசி மாதம். மொட்டை மாடியில் ஒரு தட்டில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, விரலால் கோடு கிழித்துத் தூவி மூடினேன். முளைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நாலாம் நாள் தோண்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாளும் பார்த்தேன். ஒரு விதையில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அதைத் திரும்ப மண்ணில் வைக்கும்போது ஒடிந்துவிட்டது. மீதி ஒன்பதாம் நாள் வந்தன. நேராக வரவில்லை, முதுகை வளைத்துக்கொண்டு, தலை இன்னும் மண்ணுக்குள் இருக்க, நடு உடம்பு மட்டும் வெளியே. இது என்ன அவலட்சணம் என்று ஒன்றின் தலையை இழுத்து நிமிர்த்திவிட்டேன். அது போயிற்று. மற்றவை தாங்களாக நிமிர்ந்தன.

பிறகு துலாவர்ஷம், ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும், இடிக்கும், கொட்டும். தட்டை உள்ளே வை, வெளியே வை என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை மாடி ஏறினேன். அப்படியும் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் நாற்றெல்லாம் அடியில் நூலாக இளைத்துப் படுத்துவிட்டன. எனக்கு வந்த கோபத்தில் தட்டை அப்படியே கவிழ்த்தேன். கீழே வந்து மனைவியிடம் காப்பி சரியில்லை என்று சண்டை போட்டேன்.

"உள்ளி செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் அவள். பிறகு சிரித்துவிட்டு, "ஒரு வருஷம் சாப்பிடப்படாதுன்னதும் உங்களுக்கு அது மேலேயே கண்ணு. குழந்தை மாதிரி" என்றாள். அவள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

கார்த்திகைக் கடைசியில் மழை நின்றபின் இரண்டாம் தட்டு போட்டேன். இந்தத் தடவை தோண்டவில்லை என்று சொன்னால் பொய். குறைவாகத் தோண்டினேன். தை மாதம் நாற்று ஈர்க்குச்சி கனத்துக்கு வந்தது. நுனியைக் கத்தரித்து, வேரையும் கொஞ்சம் கிள்ளி, க்ரோ பேக்குகளில் நாலு விரல் இடைவெளியில் நட்டேன். நட்டு முடித்துக் கையை மூக்கருகே கொண்டுபோனேன். வெங்காய மணம். சந்தேகமே இல்லை, வெங்காயம்தான். அன்று சாயங்காலம் சந்தியாவந்தனத்துக்கு முன் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். விதைக்குத் தோஷமில்லை, சரி, தாளுக்கு? எந்த நாளிலிருந்து அது வெங்காயம்? வாத்தியாரிடம் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவார்.

பக்கத்து வீட்டு மாடியும் எங்கள் மாடியும் ஒட்டினாற்போல் இருக்கும். துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு மாமி, "என்ன செடி? ரெயின் லில்லியாக்கும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பூத்தா எனக்கு ஒரு கிழங்கு தரணும், கேட்டேளா?" என்றாள். தருகிறேன் என்றேன். அதன் பிறகு அவள் துணி உலர்த்தும் நேரம் பார்த்து மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இந்த வயதில், சொந்த மாடிக்குத் திருடனைப் போலப் போய்வந்தேன்.

மாசியில் மண்ணை விலக்கிப் பார்த்தால் அடித்தண்டு லேசாகப் பருத்திருந்தது. மறுநாள் விலக்கினேன். அதே அளவு. ஒரு ஸ்கேல் கொண்டுபோய் அளக்கக்கூடச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி மாடிக்கு வந்து பின்னால் நின்றது தெரியாமல் விரலால் சுரண்டிக்கொண்டிருந்தேன். "தெனம் சுரண்டினா அது எப்படிக் காய் பிடிக்கும்? விட்டுட்டு வாங்கோ" என்றாள். அவளுக்குத் தெரியாது, என்னிடம் இருந்தது ஒரு மாதம்தான். பங்குனியில் ஆப்திகம். அதற்குள் காய் பிடிக்காவிட்டால் இந்த வருஷம் முழுவதும் நான் செய்தது வெறும் மாடிப்படி ஏற்றம்.

ஆப்திகத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாத்தியார் சாமான் பட்டியல் சொல்ல வந்தார். பாகற்காய், வாழைக்காய், பிரண்டை, எள்ளு. எழுதிக்கொண்டே நான், "அம்மாவுக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"பேஷா. மாமிக்கு என்ன பிடிக்கும்?"

வாயைத் திறந்தேன். சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. "பலாச்சுளை" என்றேன். அம்மாவுக்குப் பலா பிடிக்குமா என்பதே எனக்குத் தெரியாது. வாத்தியார் எழுதச் சொன்னார், எழுதினேன். ஆப்திகத்தன்று பலாச்சுளை நல்ல வாசனையாக இலையில் உட்கார்ந்திருந்தது. நான் மந்திரம் சொன்னேன், எள்ளும் தண்ணீரும் விட்டேன், நமஸ்காரம் செய்தேன். மனம் முழுக்க மாடியில் இருந்தது. ஒரு வருஷம் காத்திருந்து, அந்த ஒரு நாளும் கையை விட்டுப் போயிற்று. என்னைப் போல ஒரு கோழை உண்டா என்று அன்று முழுவதும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை. வருஷத்து நியமங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் மனைவி வீட்டில் இருந்தாள். நான் மாடிக்குப் போனேன். தாள் பாதி சாய்ந்து மஞ்சளாகியிருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருக்கலாம். விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சில கோலிக்குண்டு அளவு, சில பாக்கு அளவு, சில காயே பிடிக்காமல் வெறும் தண்டு. ஒரு தாம்பாளம் நிறைய வந்தது. சிவப்பாக, மண்ணோடு. அதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். யாருக்கு இது?

மனைவி காப்பியோடு மேலே வந்தாள். "அடேயப்பா, நெஜமாவே வந்துடுத்தே!" என்று குனிந்து ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்தாள். "குடுங்கோ, தீயல் வைக்கறேன். நம்மாத்து அடுப்புல மொதல் தடவை."

தீயல் என்று அவள் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டில், கேரியர், அம்மா கேட்டது, நான் சொன்னது, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியது. அழுதுகொண்டேதான் சொன்னேன். துணி உலர்த்த மாமி வந்தாளா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "இதுக்காகவா இந்த ஒரு வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "நான் குடுத்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மாவுக்கு. நீங்க மத்தியானம் குளிச்சுச் சாப்பிட ஆத்துக்கு வருவேளே, லீவு போட்டுண்டு நான் அம்மாகூட இருப்பேனே, அப்போ. நீங்க வேண்டாம்னதுக்கு மறுநாள், அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து, அம்மா நேத்திக்கு ஆசைப்பட்டான்னு சொன்னா. நான் அம்மாகிட்ட கேட்டேன். தலையை ஆட்டினா. அந்தப் பொண்ணு மறுநாள் தனியா ஒரு டப்பாவுல கொண்டுவந்தா. மோர் சாதத்துல தொட்டுண்டு ரெண்டு நாள் சாப்பிட்டா."

"சாப்பிட்டாளா?"

"விரலை நக்கினா. அப்புறம் வாய்ல மணம் இருக்கப்படாதுன்னு ஏலக்காய் கேட்டு வாங்கி மென்னா. உங்ககிட்ட சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டா. அவன் கோச்சுப்பான்னு சொன்னா."

ஏலக்காய் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் திரும்பி வந்தபோது அம்மாவின் வாய் மணத்தது. வாய்க்கசப்புக்கு என்று நினைத்துக்கொண்டேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். உடம்பே லேசானது போல இருந்தது. சாப்பிட்டிருக்கிறாள், ஒரு வாய் அல்ல, இரண்டு நாள். அது கொஞ்ச நேரம்தான் நின்றது. சாகப் போகிற நேரத்தில் என் அம்மா எனக்குப் பயந்து ஏலக்காய் மென்றிருக்கிறாள். அவளுடைய நியமத்தை நான் காவல் காத்ததாக நினைத்தேன். அவள் என்னைத்தான் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். நான் காலிப் பைகளை அடுக்கினேன், மண்ணை ஒரு மூலையில் குவித்தேன், பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். கீழிருந்து தேங்காய் வறுபடும் மணம் மாடிப்படி வழியாக ஏறி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த மணம் வருவது எனக்குச் சரியாகவும் இருந்தது, பொறுக்கவும் முடியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். சாதத்தில் தீயலை விட்டாள். வெங்காயம் முழுசு முழுசாக, புளியில் வெந்து, கொஞ்சம் இனிப்பாக. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஒரு வருஷமாக அழுகிய நாற்றும், பொய்யும், பலாச்சுளையும்.

"அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன். "உங்கிட்ட சத்தியம் வாங்கத் தெரிஞ்சவளுக்கு எங்கிட்ட கேக்கத் தெரியலையா? நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்ககிட்டதானே மொதல்ல கேட்டா" என்றாள்.